கை படாமல் ஓர் ஆட்டம்

நான் முடி வெட்டுகிறவள். முகவாயைப் பிடித்துத் திருப்பாமல் முடி வெட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். காலையில் கடையைத் திறந்தால் சாயந்திரம் அடைக்கும்வரை என் இடது கை யாராவது ஒருவருடைய தாவாக்கட்டையில்தான் இருக்கும். அது என் கையின் குணம். ஞாயிற்றுக்கிழமை விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால்பந்து நடுவராகப் போனால், அந்தக் குணத்தைக் கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வரும்?

எங்கள் ஊர்ப் பெண்கள் லீக் ஆட்டங்களில் பாதிக்கு மேல் நான்தான் விசில். முதுகில் தட்டி "நிதானம், நிதானம்" என்பேன். தோளைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்துக்கு நகர்த்துவேன். முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரை இரண்டு கையாலும் பிரித்துவிடுவேன். வீராங்கனைகள் எனக்குத் 'தாவாக்கட்டை அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் எதிரே சொன்னதில்லை, ஆனாலும் காதுக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவள் பஸ் ஓட்டுகிற பெண். பஸ் டெப்போ அணியின் கேப்டன், தடுப்பாட்டக்காரி, நெட்டையான ஆள், தொண்டையைத் திறந்தால் ஹார்ன். அன்றைக்குப் பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று லைன் நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். ஈரப் புல்லில் பந்து பதிந்த தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. "அங்க பாரும்மா" என்றேன். பார்க்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். ஊஹூம். நான் என்ன செய்தேன் என்றால், அவள் முகவாயைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பி, தடத்துக்கு நேராக நிறுத்தினேன். காதோரம் வெட்டுவதற்கு எப்படித் திருப்புவேனோ அதே திருப்பு. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே புகார் போய்விட்டது. புகாரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர் பல் டாக்டர். அவர் தொழில்தான் பல்; லீக்கில் அவர் வேலை நடுவர்களுக்கு மார்க் போடுவது. உள்ளே வந்தவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ இல்லையோ, ஆண்கள் பக்கம் பார்த்துக்கொள்கிற என் வீட்டுக்காரர் துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"நான் முடி வெட்ட வரல."

"பரவாயில்ல சார், உக்காந்துட்டீங்கல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

கழுத்துவரை துணிக்குள் இருந்துகொண்டே டாக்டர் என்னிடம் கண்டிப்பாகப் பேச முயன்றார். "உங்க மேல ஒரு புகார். வீராங்கனையைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். கடிச்சேன்னு சொல்லியிருக்காளா?"

"இது சிரிக்கிற விஷயம் இல்லம்மா."

"யார் சார் சிரிச்சா? எனக்குப் பத்திக்கிட்டு வருது. டீவியில பாக்கறதில்லையா? பெரிய பெரிய நடுவருங்க எல்லாம் தோள்ல கை போட்டுத்தான் பேசறாங்க. பொம்பளைக்குப் பொம்பளை, இதுல என்ன வந்துச்சு?"

டாக்டர் எதிரே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உங்க விசில் நல்லா இருக்கு. ஓட்டம் நல்லா இருக்கு. குடுக்கற முடிவெல்லாம் சரியா இருக்கு. கைதான் அடங்க மாட்டேங்குது. பேசுங்க, ஊதுங்க, கார்டு காட்டுங்க. அதுக்குத்தான் அதையெல்லாம் குடுத்திருக்கு. தள்ளறது, பிடிக்கறது, திருப்பறது எதுவும் கூடாது. லீக் இறுதி ஆட்டம் உங்களுக்குத்தான். நான் வந்து உக்காந்து பாப்பேன். ஒரு விரல் நுனி ஒருத்தர் மேல பட்டாலும் முதல் கிரேடு கிடையாது. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

துணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். பின்கழுத்தில் மட்டும் கொஞ்சம் முடி குறைந்திருந்தது; என் வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாக ஒதுக்கிவிட்டிருந்தார்.

முதல் கிரேடு என்றால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. எனக்கு அதுதான் எல்லாம். முதல் கிரேடு நடுவர்தான் பெரிய மைதானத்தில் நிற்க முடியும். சுற்றிலும் விளக்கு, மேஜை விரிப்பு மாதிரி புல், நடுவட்டத்தில் பந்து, எல்லாரும் ஒருத்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஊதினால்தான் ஆட்டம் அசையும். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்தது இதற்குத்தான். இந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. இப்போது விட்டால் விட்டதுதான்.

அன்று முழுக்க எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். சீப்பை வைத்த இடம் மறந்ததற்குக்கூட பஸ்காரியைத் திட்டினேன். என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "ஏம்மா, மைதானத்துல அடக்கணும்னா கடையில அடக்கிப் பழகு. முடியைத் தொடு. மூஞ்சியைத் தொடாதே. வாயால சொல்லு. வாய்க்குத்தான் குறைச்சல் இல்லையே உனக்கு."

முதலில் மாட்டியவர் ஒரு டீச்சர். நெற்றி முடியை நேராக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். "தலையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். "இந்தப் பக்கம்" என்றேன். ஒரு கையில் கத்திரி, இன்னொரு கையில் சீப்பு, எதைக் காட்டுவது? அவர் ஒரு பக்கம் திரும்ப, நான் ஒரு பக்கம் வெட்ட, கடைசியில் நெற்றி முடி மாடிப்படி மாதிரி சரிந்து நின்றது. டீச்சர் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது புது ஸ்டைலா?"

"ஆமா டீச்சர், இப்பத்தான் வந்திருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அந்த மனுஷனை என்ன செய்வது! ஆனால் டீச்சர் போன பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. தலையைத் திருப்பச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எதையாவது பார்க்கச் சொன்னால் தலை தானாகப் போகும். வலது சுவரில் கடிகாரம் இருக்கிறது. "கடிகாரத்தைப் பாருங்க" என்றால் தலை அச்சு அசலாக எனக்கு வேண்டிய அளவுக்குத் திரும்புகிறது. இடது பக்கத்துக்கு வாசல். பிடரி வெட்ட வேண்டுமென்றால் "கொஞ்சம் உங்க செருப்பைப் பாருங்க". தலை அழகாகக் குனிகிறது. அட, இவ்வளவுதானா! அன்றிலிருந்து கடிகாரம், வாசல், செருப்பு என்று நாள் முழுக்க என் வாய் ஓயவில்லை. தூக்கத்திலும் செருப்பைப் பாருங்க என்று சொன்னேனாம். என் வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார்.

இதற்கிடையில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி, வருடக்கணக்காக என்னிடமே வருகிறவள், முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னாள். "இப்பத்தாங்க நிம்மதியா இருந்துச்சு. உங்க கை ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கும். இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"கத்திரி உங்க கையில இருக்கு. நான் எப்படிச் சொல்றது?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் சிரித்தேன், ஆனாலும் அந்தப் பேச்சு தொண்டையில் சிக்கின முடி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

இறுதி ஆட்டம் பஸ் டெப்போவுக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கடை வாசலில் சீருடையோடு ஒருத்தி வந்து நின்றாள். பார்த்தால் அந்தப் பஸ்காரி. எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, முடி கண்ணுல விழுது. நாளைக்கு ஆடணும். வெட்டி விடறீங்களா?"

"ஊர்ல வேற கடையே இல்லையா உனக்கு?"

"இருக்கு. ஆனா உங்ககிட்டத்தான் பேசணும்னு தோணுச்சு."

உட்காரச் சொன்னேன். துணியைக் கட்டினேன். வாயை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. "நான் என்ன உன்னை அடிச்சேனா? கெட்ட எண்ணத்துல தொட்டேனா? புகார் குடுக்கற அளவுக்கு என்ன குறைஞ்சு போச்சு உனக்கு?"

"அடிச்சிருந்தா திருப்பி அடிச்சிருப்பேன்க்கா." அவள் குரலில் கோபமே இல்லை. "கெட்ட எண்ணம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இங்க பாருங்க. ஆட்டத்துல நர்ஸ் வந்து என்னை இடிப்பா, நானும் அவளை இடிப்பேன். சரிக்குச் சரி. நீங்க என் தாவாக்கட்டையைப் பிடிக்கலாம். நான் உங்க தாவாக்கட்டையைப் பிடிச்சா?"

"சிகப்பு கார்டுதான்" என்றேன், யோசிக்காமல்.

"அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

கத்திரி என் கையில் சும்மா நின்றது. அந்தப் பக்கம் சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரும் கையை நிறுத்திவிட்டார். பாவம், பாதி நுரையோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாள் பூரா பஸ்ஸுக்குள்ள இடிபட்டுக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் என் உடம்பு என் இஷ்டத்துக்கு ஓடுது. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, எனக்கு அழுகையே வந்துடுச்சு. சரி, இங்க தலையைக் குடுக்கத்தானே வந்திருக்கேன். இங்க தாராளமாத் திருப்புங்க."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. வீம்புக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடிகாரத்தைப் பாரு" என்றேன். திரும்பினாள். "வாசலைப் பாரு" என்றேன். "செருப்பைப் பாரு" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வெட்டின மாதிரி நேர்த்தியாக நான் யாருக்கும் வெட்டியதில்லை.

போகும்போது படியில் நின்று, "நாளைக்கு எனக்கு எதிரா விசில் அடிச்சா கத்துவேன்க்கா" என்றாள்.

"கத்து. நல்லாக் கத்து. அதுக்குத் தடை இல்ல."

மறுநாள் மைதானம் நிரம்பி வழிந்தது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், டாக்டர்கள், வார்டு ஆட்கள், அவரவர் குடும்பம், எல்லாரும் வந்திருந்தார்கள். பல் டாக்டர் முன்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நான் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். விசில் ஊதவும் கார்டு எடுக்கவும் மட்டும் கைக்கு விடுதலை.

"அக்கா, கையை எங்க அடகு வச்சீங்க?" என்று யாரோ கத்தினார்கள். கத்தட்டும். ஒரு நர்ஸ் ஓடிவந்த வேகத்தில் என் காலடியிலேயே குப்புற விழுந்தாள். என் கை பாய்ந்துவிட்டது, பாவி. பாதி வழியில் அதை மடக்கி என் காதைச் சொறிந்துகொண்டேன். "எழுந்திருக்க முடியுதாம்மா? யாரையாவது கூப்பிடவா?" என்று வாயால் கேட்டேன். "முடியுதுக்கா" என்று அவளே எழுந்தாள். முன்வரிசையில் பேனா அசைந்தது. கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இடைவேளைக்கு முன்பே டெப்போ ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு நர்ஸ்கள் விட்டபாடில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நர்ஸ்களின் கேப்டன் பந்தோடு கோல் பாக்ஸுக்குள் புகுந்தாள். பஸ்காரி சறுக்கிக்கொண்டு வந்தாள். பந்து ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம். பந்தில் அவள் கால் படவே இல்லை, என் கண்ணால் பார்த்தேன். ஊதினேன். பெனால்டி.

அவ்வளவுதான், மைதானம் இரண்டாகப் பிளந்துவிட்டது. "பந்தைத்தான் தொட்டேன்!" என்று அந்த ஹார்ன் அலற, "என் கால் என்ன பந்தா?" என்று நர்ஸ் கேப்டன் எழுந்து வர, இரண்டு அணியும் என்னைச் சுற்றி மூடிக்கொண்டது. நெஞ்சுக்கு நெஞ்சு நிற்கிறார்கள், நடுவில் நான். விசில் ஊதினேன். எவள் காதில் விழுந்தது? பழைய நானாக இருந்தால் இரண்டு கையையும் நீட்டி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளி முடித்திருப்பேன். என் கைகள் முதுகைவிட்டு எப்போது கிளம்பின என்றே தெரியாது. பார்த்தால் அந்தரத்தில் நிற்கின்றன, பஸ்காரியின் முகவாய்க்கு ஒரு சாண் தள்ளி. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பெரிய மைதானமும் விளக்கும் போனால் போகட்டும், அந்தச் சுருக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். அடிவயிற்றிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எல்லாரும் கொஞ்சம் உங்க செருப்பைப் பாருங்க!"

ஐயோ என்று இருந்தது. ஆனால் அத்தனை தலையும் குனிந்தது. சத்தியமாகக் குனிந்தது. டெப்போ, ஆஸ்பத்திரி, முறைத்தவள், பல்லைக் கடித்தவள், ஒருத்தி பாக்கியில்லாமல் தன் காலைப் பார்த்தாள். மைதானம் கப்சிப் என்று ஆனது.

"செருப்பா?" என்றாள் ஒரு நர்ஸ், தன் பூட்ஸைப் பார்த்தபடி.

பஸ்காரிதான் முதலில் வெடித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முடி வெட்டறாங்கடி! அக்கா நமக்கெல்லாம் முடி வெட்டறாங்க!" சிரிப்பு ஒட்டுவாரொட்டியாக எல்லாரையும் பிடித்துக்கொண்டது. நர்ஸ் கேப்டன் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது, ஆனால் நடுவர் சிரிக்கலாமா? முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னேன். "காலைப் பாத்தாச்சா? பெனால்டி அடிக்கறவ கால், கோல்கீப்பர் கால் தவிர, மத்த கால் எல்லாம் பாக்ஸுக்கு வெளியே போகட்டும்."

போயின. ஒரு விரல் படாமல், ஒருத்தியைத் தள்ளாமல், அத்தனை காலும் தானாக வெளியே போயின. நர்ஸ் கேப்டன் அடித்தாள். டெப்போவின் கோல்கீப்பர், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள், பறந்து போய் இரண்டு கையாலும் குத்தித் தள்ளினாள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் கடைசி விசிலை ஊதினேன்.

பல் டாக்டர் முன்வரிசையிலிருந்து குதித்து ஓடிவந்தார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. "பாஸ்! முதல் கிரேடு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பெனால்டியைப் பாத்ததில்லம்மா!" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

நல்ல மனுஷர். சந்தோஷத்தில் தட்டினார். ஆனாலும் என் தோள் எனக்கே தெரியாமல் ஒடுங்கியது, கால் ஓர் அடி பின்னால் போனது. வருகிற கையை நான் பார்க்கவில்லை, வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஓ, இதுவா என்று இருந்தது எனக்கு. இதைத்தான் இந்தப் பெண்கள் எல்லாம் என்னிடம் விழுங்கிக்கொண்டிருந்தார்களா? தலைக்கு மேல் உயர்ந்திருந்த என் சந்தோஷத்துக்குள்ளேயே அது சுரீரென்று இறங்கியது.

பைக்குள் கையை விட்டேன். மஞ்சள் கார்டை எடுத்து, டாக்டர் மூக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"எனக்கா?" என்றார் டாக்டர்.

"உங்களுக்குத்தான் சார். கிளினிக்ல வாயைத் திறங்கன்னு சொல்லிட்டுத்தானே கை வைக்கறீங்க?"

சுடுகிற சட்டியைத் தொட்டவர் போல அவர் கையை எடுத்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது. "மார்க்கைக் குறைச்சுடாதீங்க சார்!" என்று ஹார்ன் பின்னாலிருந்து அலறியது. "குறைக்கலம்மா, தப்பு என்னுது" என்றவர், சட்டையைச் சரிசெய்துகொண்டு, நேராக நின்று, கையை எனக்கு முன்னால் நீட்டி, அப்படியே நிறுத்தினார். பிடிக்கிறேனா இல்லையா என்பது என் பாடு. அத்தனை பேர் முன்னால் கொஞ்ச நேரம் அவரைக் காக்க வைத்தேன், பார்க்க நன்றாக இருந்தது. பிறகு நானே பிடித்து நன்றாகக் குலுக்கினேன்.

திரும்பினால் பஸ்காரி நிற்கிறாள். கண்ணெல்லாம் ஈரம், வாயெல்லாம் பல். அவளுக்குப் பின்னால் இரண்டு அணியும் நிற்கிறது.

"அக்கா, உங்களைத் தூக்கலாமா?"

ஆட்டம் முடிந்துவிட்டது. விசிலைக் கழற்றி என் வீட்டுக்காரர் பக்கம் வீசினேன். "தூக்குங்கடி" என்றேன்.

எத்தனை கைகள்! டெப்போ கையும் ஆஸ்பத்திரி கையும் கலந்து என்னை மேலே கொண்டுபோயின. அவ்வளவு உயரத்திலிருந்து அந்தச் சின்ன மைதானம்கூடப் பெரியதாகத் தெரிந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு, "இறக்கி விடலாமாக்கா?" என்று கீழேயிருந்து பஸ்காரி கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.